நாயிப்

எழுபத்தேழு.
மூன்று முறை எண்ணிவிட்டேன்.
எழுபத்தெட்டு என்கிறது
கட்டோடு மடித்து வந்த தாள்.

ஷார்ஜா சரக்குக் கிடங்கு. இரவு இரண்டு மணி.
லியோனிலிருந்து பார்சல்.
குழந்தையின் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள்,
இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளி!
படிவத்தின் ஆறாம் கட்டம்: பொருளின் தன்மை.
மாந்திரீகம் என்று எழுதினால் அரவை இயந்திரம்.
விளையாட்டு என்றால் மேலே கேள்வி வரும்.
சமயம் என்றும் எழுதலாம்,
அதை இதுவரை ஜெபமாலைகளுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன்.

டியூப்லைட்டின் கீழே பரப்புகிறேன்.
எக்காளம் ஊதும் சம்மனசு,
கல்லறை திறந்து எழும் அம்மணங்கள்.
இவர்களை எனக்குத் தெரியும்.
தராசு பிடித்தவள் நீதி.
சிங்கத்தின் வாயைப் பிளப்பவள் திடம்.
கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றுகிறவளை
ஞானோபதேச வகுப்பில் மட்டசனம் என்று நெட்டுருப் போட்டேன்.
நால்வரில் மூவர்தான்.
விவேகத்தைக் காணோம்.
விவேகம் சூதாட வருமா?

ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குகிறான் ஒருவன்.
இராயப்பரோ என்று குனிந்து பார்த்தேன்.
சிலுவை இல்லை. முகத்தில் வலியும் இல்லை.
யூதாசாக இருக்கலாம் என்கிறது தாள்.
தாள் முழுக்க அந்த ஒரே சொல்:
இருக்கலாம்.

கடக் தேநீரோடு வந்த மெத்ஹத் சொன்னார்:
"உங்கள் கோயிலில் பிறந்ததல்ல இது,
எங்கள் கெய்ரோவிலிருந்து போனது.
கிண்ணம், காசு, வாள், போலோ மட்டை.
மம்லூக் சீட்டில் முகமே கிடையாது.
அரசன் வெறும் பெயர், நீலத்தில் பொன்னெழுத்து.
அவனுக்குக் கீழே நாயிப்.
நாயிபுக்குக் கீழே இன்னொரு நாயிப்.
கடல் தாண்டியதும்
மட்டை எதற்கென்று தெரியாமல் தடியாக்கினார்கள்,
முகம் வரைந்தார்கள்,
ராணியைக் கொண்டுவந்தார்கள்,
பிறகு உங்கள் பாப்பரசரை."

நாயிப்.
தினம் பத்து முறை காதில் விழும் சொல்தான்.
கையெழுத்திட வேண்டியவர் வராத நாளில்
கையெழுத்திடுகிறவர்.

"அப்படியானால் பாப்பரசர்
சரியான கட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.
கிறிஸ்துவின் பதிலாள் என்பதுதானே அவருக்கே பட்டம்?"
மெத்ஹத் சிரிக்கவில்லை.
கோப்பையின் அடியில் ஏலக்காய்த் தோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

தாளின் கடைசி மடிப்பில் ஒரு சந்நியாசி.
இருபத்தொரு சீட்டும்
நரகத்துக்கு இறங்கும் இருபத்தொரு படி என்று
பிரசங்கம் செய்கிறான்.
பிரசங்கம் முடிந்தால் சதுக்கத்தில் தீ.
சாம்பல் ஆறுவதற்குள் அதே தெருவில்
சீட்டு அச்சடித்தவன்
புனிதர் படம் அச்சடித்து விற்றிருப்பான்,
அதே பலகை, அதே சிவப்பு.
(இது தாளில் இல்லை. என் ஊகம்.)

வரிசையாக அடுக்கியபோது தெரிந்தது.
பதினான்குக்கு அப்புறம் பதினாறு.
சாத்தான் இல்லை.
மிகப் பழைய கட்டுகளிலும் அவன் இல்லையாம்.
தொலைந்தானா, வரையவே இல்லையா,
தெரியாது என்கிறது தாள்.
இந்தக் கட்டில் அவனை உருவி எடுத்தது
சட்டையை மடித்த கையாக
இருக்கலாம்.

ஆறாம் கட்டத்தில் எழுதினேன்:
சீட்டுக்கட்டு. ஒன்று குறைகிறது.
கீழே என் பெயர், அமலி மிராந்தா,
அதற்கு முன்னால், பிரசவ விடுப்பிலிருக்கும் ஃபாத்தினுக்காக,
'பதிலாக.'

விடியலில் ரோலா.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
இரவுப் பணி முடித்த நால்வர் ரம்மி ஆடுகிறார்கள்.
இஸ்பேடு ஜாக்கி தொலைந்து வருடம் ஒன்றாகிறது.
அவன் இடத்தில் பனடால் அட்டைத் துண்டு,
பேனாவால் போட்ட மீசை.
"இறக்குடா அந்த மாத்திரையை" என்கிறான் ஒருவன்.
இறங்குகிறது.
ராணிக்கும் பத்துக்கும் நடுவில்
யாரும் எதுவும் கேட்காமல்
இடம் விடுகிறார்கள்.